பனிச்சறுக்கு கற்க எந்த மலைக்குப் போவது?

முதல் தடவை பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் மலை உச்சியின் படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கட்சி வேறு. அடிவாரத்தில் சறுக்கிப் பழகத் தட்டையான இடம் இருக்கிறதா, சொல்லித்தர ஆள் இருக்கிறாரா, முழங்கால் போனால் எவ்வளவு நேரத்தில் எலும்பு வைத்தியரிடம் போய்ச் சேரலாம், இந்த மூன்றையும் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்ய வேண்டும். உச்சி எங்கும் ஓடிப்போகாது.

இதைச் சொல்லப் பூவத்துக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எங்கள் ஊரில் உள்ள பெரிய மேடு நண்டலாற்றுப் பாலத்து ஏற்றம். அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் காரைக்கால். சைக்கிளில் அந்த ஏற்றத்தை மிதித்து ஏறியதே எங்கள் தலைமுறைக்கு மலையேற்றம். ஆனால் வங்கி உத்தியோகம் என்னை 1994-இல் டேராடூனுக்குத் தூக்கிப்போட்டது. 1996 பிப்ரவரியில், முப்பத்தெட்டு வயதில், கூட வேலை பார்த்த இரண்டு கட்வால்காரர்களோடு ஔலிக்குப் போய் ஏழு நாள் பயிற்சி எடுத்தேன். அதன் பிறகு இரண்டு குளிர்காலம் போனேன். மாற்றலாகித் தெற்கே வந்ததும் எல்லாம் நின்றது.

இப்போது எழுதக் காரணம் தம்பி மகன். சென்னையில் கணினி வேலை. அவனும் நண்பர்களுமாக நாலு குடும்பம் ஜனவரியில் குல்மார்க் போகிறார்களாம், மொத்தம் இரண்டு இரவு. "பெரியப்பா, கோண்டோலாவுல ரெண்டாவது கட்டம் வரைக்கும் போயி அங்கேருந்து ஸ்கீ பண்ணிட்டு இறங்கிடலாம்னு இருக்கோம். நீங்களும் வாங்களேன்" என்றான். நாலு குடும்பத்தில் ஒருவர்கூடப் பனியைத் தொட்டதில்லை. இரண்டு பேருக்கு ரத்த அழுத்தம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

குல்மார்க் புல்வெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். கோண்டோலாவின் முதல் கட்டம் 1998-இல் வந்தது. அது கொங்டூரி வரை, சுமார் 3,100 மீட்டர். 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத் தோளில் ஏறக்குறைய 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே இறங்கியதும் நெஞ்சு படபடக்கும், பேசினால் மூச்சு வாங்கும். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு 2,500 மீட்டருக்கு மேலே போனாலே முதல் நாள் தலைவலி வரலாம். அப்படி இருக்க, வந்த மறுநாளே அந்த உயரத்தில் நிற்பதே போதுமான சாகசம். காலில் பலகையையும் மாட்டிக்கொண்டு இறங்குவது தெரிந்தவர்கள் செய்கிற வேலை.

மேலேயிருந்து வரும் சரிவும் முதல் நாள்காரருக்கானது இல்லை. கயிறு கட்டி எல்லை காட்டிய பகுதியில் காவலர்கள் பனியைப் பரிசோதிப்பார்கள். எல்லை தாண்டினால் பனிச்சரிவு அபாயம் உங்கள் பொறுப்பு. 2010 பிப்ரவரியில் குல்மார்க்கின் ராணுவ உயர்மலைப் போர்ப் பள்ளி வீரர்கள் பனிச்சரிவில் மாண்டார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யப் பயணி ஒருவர் இறந்தார். பனியே தொழிலாக இருந்தவர்களுக்கும், தேடி வந்து சறுக்குகிறவர்களுக்கும் இந்த கதி.

அப்படியானால் குல்மார்க்கே வேண்டாமா? வேண்டும். அதே குல்மார்க்கில் கோண்டோலா பக்கம் திரும்பாமல், கீழே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய புல்வெளியிலேயே நாலு நாள் கிடக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தியாவில் புதியவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கிண்ணம் போல அமைந்த வெளி. சரிவு மெல்ல இறங்கித் தானாகவே தட்டையாகிவிடும். பிரேக் தெரியாதவனுக்கு அந்தத் தட்டைதான் பிரேக். சின்ன இழுவைக் கயிறுகள் மேலே கொண்டுபோய் விடும். 1927-இல் வெள்ளைக்கார அதிகாரிகள் இந்திய ஸ்கீ சங்கத்தைத் தொடங்கியதும் இங்கேதான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் அங்கே இருக்கிறது. பஹல்காமில் உள்ள ஜவாஹர் மலையேற்ற நிறுவனமும் ஸ்கீ பயிற்சியைக் குல்மார்க்கில்தான் நடத்துகிறது. பூட்ஸ், பலகை, பாடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வரிசையில் நிற்க வைத்து வாத்தியார் மாதிரிச் சொல்லித்தருவார்கள். நம்மூர்க்காரர்களுக்குச் சொகுசு கொஞ்சம் குறைவாகத் தெரியும். நட்சத்திர ஹோட்டலில் தங்கி, வாசலில் நிற்கிறவரை நாள் கூலிக்குப் பிடித்துக் கற்பதைவிட இது மேல்.

இன்னொன்றும் உண்டு. குல்மார்க்கிலிருந்து ஸ்ரீநகர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கே பர்சுல்லாவில் எலும்புக்கும் மூட்டுக்கும் என்றே தனி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்கீ கற்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விழுந்தவனுக்குத்தான் தெரியும்.

காஷ்மீர் என்றாலே வீட்டில் வேண்டாம் என்கிறார்களே என்பீர்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, போக மாட்டேன் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அதில் வாதம் செய்ய எனக்கு உரிமை இல்லை. அவர்களுக்காகத்தான் மற்ற இடங்களையும் சொல்கிறேன்.

ஔலி என் மனசுக்கு நெருக்கமான ஊர், அதனால் கொஞ்சம் தாராளமாகவே பேசுவேன், நீங்கள் கழித்துக்கொள்ளுங்கள். வடக்கு நோக்கிய சரிவு, எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி. கட்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் என்று பயிற்சிகள் நடத்திவந்தது. முதல் நாள் எங்களைச் சறுக்கவே விடவில்லை. ஒரு காலில் மட்டும் பலகை மாட்டி நடக்கச் சொன்னார்கள். பிறகு பக்கவாட்டில் படி ஏறுவது போல மேட்டில் ஏறச் சொன்னார்கள். பிறகு விழச் சொன்னார்கள்! விழுவதற்கும் எழுவதற்கும் ஒரு முழுக் காலை. மூன்றாம் நாள்தான் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி, கூரை வாரை மாதிரிப் பலகைகளை வைத்து வேகத்தைக் குறைக்கும் வித்தை வந்தது. அந்த ஒரு வித்தை கைவந்தால் பயம் பாதி போய்விடும். இரண்டு இரவு பேக்கேஜில் இதற்கு நேரம் ஏது?

ஆனால் இன்றைய ஔலி 1996-இன் ஔலி இல்லை. 2023 ஜனவரியில் ஜோஷிமட் மண்ணிறங்கி, எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டது. குடியிருக்கத் தகாத வீடுகளின் சுவரில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டார்கள். நாங்கள் பயிற்சிக்குப் போகும்போது ஓரிரவு தங்கிய வீட்டுக்காரர் குடும்பமும் அப்போது பாத்திர பண்டத்தோடு வெளியே வந்ததாக டேராடூன் நண்பர் போனில் சொன்னார். அந்த ஊர் பழைய நிலச்சரிவு மண்மேல் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டுமானம் கூடாது என்று மிஸ்ரா குழு 1976-லேயே எழுதிவைத்தது. கேட்டவர்கள் யார்? ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குப் போகும் சுமார் நாலு கிலோமீட்டர் ரோப்வே அப்போது நிறுத்தப்பட்டது. போகிறவர்கள் மலைப்பாதையில் வண்டியில் ஏறலாம். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், குளிர்காலத்தில் ஒரு முழுப் பகல். பெரிய ஆஸ்பத்திரி என்றால் அந்த 250 கிலோமீட்டரும் திரும்பி இறங்க வேண்டும். அரசாங்கம் 2024-இல் ஊரின் பெயரை ஜோதிர்மட் என்று மாற்றியது. விரிசலுக்கும் இதே வேகம் காட்டியிருக்கலாம்.

போகலாமா, வேண்டாமா? ஏழு நாள் முழுசாக ஒதுக்க முடிகிறவர்கள், நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள், பயிற்சி நடப்பதை முன்னமே உறுதி செய்துகொண்டவர்கள் போகலாம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிர்காலப் பிழைப்பு இதுதான். குடும்பத்தோடு மூன்று நாள் என்றால் வேண்டாம்.

மணாலி பக்கத்து சோலாங் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரே பத்திதான் எழுதப்போகிறேன். நம்மூர்த் தேனிலவுத் தம்பதிகள் எல்லாரும் போகிற இடம். வழி நெடுக எண் போட்ட கடைகளில் கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்து, பனியில் ஒருவர் கையைப் பிடித்து இருபது மீட்டர் இழுத்துவிட, படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அது தவறில்லை, சந்தோஷமான காரியம்தான், ஆனால் அதற்கு ஸ்கீ என்று பெயர் வைக்காதீர்கள். உண்மையில் கற்க விரும்பினால் மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய பயிற்சியில் சேருங்கள்.

எங்கே போனாலும் பனி இருக்க வேண்டுமே. நான் பழகிய காலத்தில் ஜனவரி என்றால் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைச் சில்லாய் கலான் என்பார்கள். 2024-இல் அந்த நாற்பது நாளில் பெரும்பகுதி குல்மார்க் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. பனி வந்ததே மாதக் கடைசியில்தான். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஔலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகச் செயற்கைப் பனி இயந்திரம் எல்லாம் வாங்கினார்கள்; அதற்குப் பிறகும் பனி இல்லாமல் தேசியப் போட்டிகள் ரத்தானதுண்டு. ஆகவே பொங்கல் லீவை வைத்து மூன்று மாதம் முன்னால் திரும்பப் பெற முடியாத டிக்கெட் போடுவது சூதாட்டம். பிப்ரவரி முதல் மூன்று வாரம் என் கணக்கில் நல்லது. பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும் என்பது தெரியும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

வெளிநாட்டில் உறவு இருப்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. எங்கள் பக்கத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. துபாயில் எமிரேட்ஸ் மாலுக்குள் 2005-இலிருந்து ஸ்கீ துபாய் இருக்கிறது. கூரைக்கடியில் பனி, மிக நீண்ட சரிவு 400 மீட்டர், வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே. மலையும் இல்லை, காற்றும் இல்லை, கேலிக்கூத்து என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது நமக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று லட்ச ரூபாய் செலவழிக்காமல் ஒரே பாடத்தில் தெரிந்துகொள்ள அதைவிடச் சுலப வழி எது? மூச்சு வாங்காது, பனிச்சரிவு வராது, பலகையும் பூட்ஸும் கட்டணத்திலேயே வந்துவிடும்.

அக்கா வாக்கப்பட்டது காரைக்கால் சொல்தா குடும்பம். அத்தானின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், குடியுரிமையும் பிரெஞ்சுதான். பிள்ளைகள் இப்போது கிரெனோபிளில் இருக்கிறார்கள். அங்கேயிருந்து 30 கிலோமீட்டரில் ஷாம்ருஸ். 1968 ஒலிம்பிக்கில் ழான்-க்ளோத் கில்லி மூன்று தங்கம் வாங்கிய மலை. பேர் பெற்ற மலைதான், ஆனாலும் அடிவாரத்தில் குழந்தைகள் பழக இடம் விட்டிருக்கிறார்கள். பிரான்சில் சரிவுகளுக்கு நிறம் உண்டு: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. பச்சை புதியவர்களுக்கு. குழந்தைகளுக்கும் படிப்படியாகப் பட்டங்கள்: முதலில் பியூ-பியூ என்கிற கோழிக்குஞ்சு, பிறகு கரடிக்குட்டி, பனித்துளி, அப்புறம் நட்சத்திரங்கள். அக்காவின் பேத்தி ஏழு வயதில் பனித்துளி வாங்கி, பதக்கத்தை போனில் காட்டினாள். என்ன சுலபமாகச் சொல்லித்தருகிறார்கள்! பெரியவர்களுக்கும் அதே முறைதான் பொருத்தம், வெட்கப்பட வேண்டியதில்லை. பிப்ரவரிப் பள்ளி விடுமுறை வாரங்களில் மட்டும் அங்கே போகாதீர்கள். கூட்டமும் விலையும் சேர்ந்து ஏறும். சரிவிலிருந்து காயப்பட்டவரைத் தூக்கி வருவதற்கு அங்கே கட்டணம் உண்டு, அதற்கென்று தனிக் காப்பீடும் விற்கிறார்கள். அதை வாங்காமல் லிஃப்டில் ஏறக் கூடாது.

இனி, என்னைப் போல விட்டுப்போனவர்கள் விஷயம். புதியவர்களைவிட எங்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். புதியவனுக்குத் தெரியாது என்பது தெரியும். எங்களுக்கோ தலைக்குள் பழைய சினிமா ஓடிக்கொண்டிருக்கும்; முழங்கால் அதைப் பார்த்ததில்லை. டேராடூனில் என்னோடு இருந்தவர் ஒருவர், கட்வால்காரர், எங்கள் எல்லாரையும்விட அழகாகச் சறுக்குவார். ஓய்வு பெற்றபின் அறுபத்தொரு வயதில், இருபது வருடம் கழித்து, வடக்கே ஒரு மலையில் இரண்டாம் நாளே பழைய சரிவுக்குப் போனார். வேகம்கூட இல்லை. மெதுவாக முறுக்கி விழுந்ததில் பலகை காலை விட்டுக் கழலவில்லை. முழங்கால் தசைநார் அறுந்தது. ஆறு மாதம் சம்மணம் போட முடியவில்லை. அப்பாவின் திதிக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிண்டம் வைத்தேன் என்று எழுதியிருந்தார். ஆபரேஷன் செலவைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

பலகை கழல்வது அதிர்ஷ்டம் அல்ல, கணக்கு. பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கில் ஒரு எண் வைப்பார்கள். எடை, உயரம், பூட்ஸ் அடி நீளம், எப்படிப்பட்ட சறுக்காளர் என்பதையெல்லாம் பார்த்து அந்த எண் வரும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டால் அட்டவணையில் ஒரு படி தளர்த்த வேண்டும். வாடகைக் கடையில் நம்மிடம் எடையும் வயதும் கேட்காமல் பலகையைக் கையில் கொடுத்தால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வயதைக் குறைத்துச் சொல்லும் ஆசை நம்மவர்களுக்கு உண்டு. இங்கே அது ஆகாது. குச்சியின் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு விழுந்தால் கட்டைவிரல் மூட்டு பிய்யும், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல சேதியும் இருக்கிறது. நாங்கள் கற்றது கையைத் தூக்கினால் எட்டும் நீளப் பலகைகளில். இப்போது வருவது முகவாய் உயரம், இடையில் குறுகி முனைகளில் அகன்ற பலகை. லேசாகச் சாய்த்தாலே திரும்புகிறது. கால்களை ஒட்டி வைத்துக்கொள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். இன்று இடுப்பளவு அகட்டி நில் என்கிறார்கள். அதனால் பழைய பாடத்தை மறந்து ஒரு முழு நாள் பயிற்சியாளரோடு பச்சைச் சரிவில் கழிப்பது, நாற்பது வருட அனுபவக்காரருக்கும் லாபம்தான்.

போவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே தொடையைத் தயார் செய்ய வேண்டும். நான் சாயங்காலம் காரைக்கால் கடற்கரை மணலில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்கிறேன். முதலில் இருபது விநாடி, இப்போது ஒன்றேகால் நிமிடம். "ஏங்க, யாரும் பார்த்தா கேலி பண்ணப் போறாங்க, ஜன்னலையாவது சாத்துங்க" என்கிறாள் வீட்டுக்காரி.

பணம் கட்டுவதற்கு முன் போனை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? ஆறுக்கு மேல் என்றால் தயங்கலாம். பழகும் இடம் லிஃப்டில் ஏறாமல் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா? பனி விழாவிட்டால் பணம் திரும்ப வருமா, அல்லது வேறு தேதி தருவார்களா? தம்பி மகனின் பேக்கேஜ்காரரிடம் நானே கேட்டேன். முதல் கேள்விக்கு "பாத்துக்கலாம் சார்" என்றார், இரண்டாவதற்கு "கோண்டோலா டிக்கெட் ஃப்ரீ சார்" என்றார், மூன்றாவதற்கு லைன் கட்டாகிவிட்டது.